குகை முக்குளிப்பு: முதன்மை ரீல் எதை வாங்குவது?

கேள்வி:
அடுத்த மாதம் குகைப் பயிற்சி தொடங்குகிறது. வெளியே திரும்ப வழிகாட்டும் கயிற்றைச் சுற்றி வைக்கும் ரீல் இதுவரை இரவல்தான். போன முறை கயிறு தளர்ந்து, சுருளுக்கும் சட்டத்துக்கும் இடையே புகுந்துகொண்டது. கையுறையோடு பிரிக்கவே முடியவில்லை. சுருளைச் சுற்றி உறை உள்ள மூடிய ரீல் வாங்கினால் இந்தத் தொல்லை தீருமா?

பதில் 1:
தீராது, மறைந்திருக்கும். எந்த ரீலும் ஒருநாள் சிக்கத்தான் செய்யும். திறந்த ரீல் என்றால் சிக்கல் கண்ணுக்குத் தெரியும், விரலும் நுழையும். மூடியதைக் கழற்றியாக வேண்டும், அதுவும் இருட்டில்! என்னுடையதில் 120 மீட்டர் பின்னல் நைலான் கயிறு. தூரம் அறிய 3 மீட்டருக்கு ஒரு முடிச்சு. பாலிப்ரொப்பிலீன் கயிறு மட்டும் வேண்டாம், மிதக்கும். சுருளை விளிம்புவரை நிரப்பாதீர்கள். பிறகு, கயிறு விடும்போது ஒரு விரல் சுருளின் மேல் இருக்கட்டும். உங்களுக்கு நேர்ந்தது பாதி அப்படி விரல் வைக்காததால்தான் என்று நினைக்கிறேன்.

பதில் 2:
சுருள் சுழலாமல் நிறுத்தும் பூட்டுத் திருகைக் கவனியுங்கள். என்னுடையது ஒருமுறை முழுதாகக் கழன்று சேற்றில் விழுந்து காணாமல் போனது. மீதி வழியெல்லாம் சுருளைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வந்தேன். கழன்று வராத திருகு உள்ளதாக வாங்குங்கள்.

கேட்டவர்:
விரல் வைக்கவில்லை, உண்மைதான். திறந்ததையே வாங்குகிறேன்.