துளை இருந்தும் பானை ஏன் ஒழுகவில்லை?

தேனி ஆசிரியை:

வணக்கம். தேனிப் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன். சென்ற வாரம் வகுப்பறை மூலையில் இருக்கும் மண்பானையைக் காட்டி, "இதன் சுவரெங்கும் நுண்துளைகள் இருக்கின்றன, அவற்றின் வழியே கசியும் நீர் ஆவியாவதால்தான் உள்ளே இருக்கும் தண்ணீர் குளிர்கிறது" என்றேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "துளை இருந்தால் ஒழுகிவிடாதா டீச்சர்?"

அவளுடைய அப்பா ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டியில் வேலை செய்கிறார். அவளுக்குத் துளை என்றால் ஆறரை அங்குலம். குழாய் இறங்க வேண்டும், தண்ணீர் பீறிட வேண்டும். "அது மிகச் சிறிய துளை" என்று சொல்லி உட்காரவைத்தேன். அந்தப் பதில் எனக்கே போதவில்லை. இலையில் துளை, தோலில் துளை, முட்டை ஓட்டில் துளை என்று எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைத்தான் சொல்லிக்கொடுக்கிறோம். எல்லாம் ஒரே வகைதானா? திங்கட்கிழமை அவளுக்குச் சரியான பதில் சொல்ல வேண்டும். தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

சூளைவீட்டுக்காரர்:

டீச்சர், பானையைப் பற்றி நான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து வனைகிறோம். தண்ணீர்ப் பானைக்கு மண்ணோடு மணலும், சில சமயம் உமியும் சேர்த்துப் பிசைவோம். சூளையில் உமி எரிந்துபோகும். அது இருந்த இடம் வெற்றிடமாக நிற்கும். அதுதான் துளை. யாரும் குத்தி உண்டாக்கியதில்லை. நேர்க்கோடாகவும் இருக்காது, வளைந்து நெளிந்து, ஒன்றோடொன்று சேர்ந்தும் முட்டியும் கிடக்கும். அவ்வளவு குறுகலான வழியில் நீரைச் சுவரே பிடித்து வைத்துக்கொள்கிறது. வெளிப்புறம் ஈரமாகும், சொட்டாது.

பத்து கிராம் நீர் ஆவியானால் போதும், ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்தாறு டிகிரி வெப்பத்தை எடுத்துவிடும். வாங்கிய பானைக்கு அழகுக்காகப் பெயின்ட் அடித்துவிட்டு, குளிரவில்லை என்று எங்களிடம் வருகிறார்கள். மனம் வலிக்கும். துளையை அடைத்துவிட்டால் அது வெறும் குடம். உப்புத் தண்ணீர் ஊற்றும் ஊர்களில் இரண்டு கோடைக்குள் உப்பே படிந்து அடைத்துக்கொள்ளும். உங்கள் பானையின் வெளிப்புறம் வெள்ளை பூத்திருக்கிறதா என்று பாருங்கள்.

வவுனியா உயிரியல்:

ஆசிரியை அவர்களுக்கு, இலையின் துளையைப் பானையின் துளையோடு சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் இலங்கைப் பாடநூல்களில் அதை 'இலைவாய்' என்கிறோம். இரண்டு பக்கமும் காவற்கலங்கள் (உங்கள் நூல்களில் காப்பு செல்கள்) நிற்கின்றன. அவற்றில் நீர் நிறைந்து விறைத்தால் வாய் திறக்கும், நீர் குறைந்தால் மூடும். பானை தன் துளையை மூட முடியாது; இலை மூடும். சப்பாத்திக்கள்ளியோ பகலில் நீரை இழக்காமலிருக்க மூடிவைத்து, இரவில் திறந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும். இதை மாணவர்களிடம் சொல்லும்போது வகுப்பே அமைதியாகிவிடும்.

இன்னும் நுண்ணியது கலத்தின் (செல்லின்) சவ்வில் இருக்கிறது. நீர் மட்டும் போகும் புரதவழியை 1992ஆம் ஆண்டு பீட்டர் ஆக்ரே நிறுவிக் காட்டினார். 2003இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். நீர் மூலக்கூறுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில்தான் நுழையும். அதையும் துளை என்கிறோம். ஆனால் அங்கே யார் போகலாம், யார் போகக்கூடாது என்ற தேர்வு நடக்கிறது.

தோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆவி பிடித்தால் துளை திறக்கும் என்று விளம்பரங்கள் சொல்வதைப் பிள்ளைகள் அப்படியே நம்புகிறார்கள். தோல் துளையைத் திறந்து மூடும் தசை எதுவும் கிடையாது. மயிர் சிலிர்க்கும்போது இழுப்பது மயிர்க்காலோடு சேர்ந்த தசை.

கரம்பை மண்:

நிலத்தடி நீர்த் துறையில் இருந்தவன். அந்தப் பெண்ணின் கேள்விக்கு மண்ணிலும் ஒரு பதில் இருக்கிறது. மணலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இடைவெளி. களிமண்ணில் பாதிவரைகூட உண்டு. அப்படியானால் களிமண்தானே அதிகம் ஒழுக வேண்டும்? நடப்பது நேர்மாறு. களிமண்ணின் இடைவெளிகள் மிக நுண்ணியவை, தண்ணீரைப் பிடித்துக்கொண்டு விடாது. கண்மாயின் அடியில் கரம்பை என்னும் களிமண் வண்டல் படிந்திருப்பதால்தான் தண்ணீர் மாதக்கணக்கில் நிற்கிறது. எவ்வளவு இடம் இருக்கிறது என்பது ஒரு கேள்வி. அந்த இடத்துக்குள் வழி இருக்கிறதா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்துக் குழம்புகிறோம். அவள் அப்பாவிடம் கேட்கச் சொல்லுங்கள்: பாறையில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று. வெடிப்பிலிருந்து என்பார்.

தேனி ஆசிரியை:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பானையின் கழுத்துக்குக் கீழே வெள்ளை பூத்திருந்தது, சூளைவீட்டுக்காரர் சொன்னபடியே. பானையை மாற்றிவிட்டோம்.

திங்கட்கிழமை ஒரு கோழிமுட்டையைக் கொண்டுபோய்ச் சூடான நீரில் மெதுவாக இறக்கினேன். ஓட்டில் ஏழாயிரத்துக்கும் மேல் துளைகள் உண்டு என்று சொன்னபோது யாரும் நம்பவில்லை. சிறிது நேரத்தில் பருத்த முனையிலிருந்து ஊசிமுனை அளவு குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. உள்ளே இருக்கும் காற்றறை சூடாகி விரிகிறது. அந்தப் பெண் முகத்தைப் பாத்திரத்தின் விளிம்புவரை கொண்டுவந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். "காற்று வருகிறது டீச்சர், வெள்ளைக்கரு வரவில்லை" என்றாள். பிறகு, "குஞ்சுக்கும் இந்த வழியாகத்தான் காற்று போகுமா?" என்றாள்.

ஆம் என்றேன். ஓட்டை உடைப்பதற்கு முன்பே குஞ்சு அந்தக் காற்றறையின் சவ்வை அலகால் கிழித்து, முதல் மூச்சை அங்கேதான் இழுக்கிறது. வவுனியா நண்பரே, அடுத்த வாரம் இலைவாய். கள்ளிச்செடி ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன்.