கார்கிலில் இருந்த சித்தப்பாவுக்காக ஓர் உதவி

வணக்கம்ங்க. எங்கள் சித்தப்பா 1999 கார்கில் போரில் இருந்தவர், இப்போது காங்கேயம் பக்கம் தோட்டத்துச் சாளையில் தனியாக இருக்கிறார். உடம்பில் ஒரு காயமும் இல்லை, ஆனால் மாரியம்மன் நோம்பிக்கு வேட்டுப் போட்டால் கட்டுத்தறிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து விடிய விடிய நடுங்குகிறார், கேட்டால் "ஒண்ணுமில்ல கண்ணு" என்கிறார். சொந்தக்காரர்கள் மந்திரிக்கச் சொல்கிறார்கள். மந்திரித்தால் போகிற பயமில்லை இது. கவுன்சிலிங், மருந்து இரண்டும் கைகொடுக்கும் என்று படித்தேன். 14416 டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவி எண்ணில் அவரைப் பேச வைக்கப் பார்த்தேன், போனை வாங்கவே இல்லை. முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். அட்டை இருக்கிறது. கோவை, ஈரோடு பக்கம் பட்டாளத்துக்காரர்களைப் பார்த்துப் பழகிய மனநல மருத்துவர் யாரையாவது தெரியுமா? அப்புறம், ராணுவத்தில் இருந்த அண்ணன்கள் யாராவது ஒருநாள் சாளைக்கு வந்து அவரோடு உட்கார்ந்து பேசுவீர்களா? உங்களிடம்தான் வாய் திறப்பார். அடுத்த நோம்பிக்குள் வந்தால் நல்லதுங்க.