தரம் 2 பிள்ளைகளுக்குத் திறந்த உரிமக் கதைப்புத்தகம்: அச்சடிக்கலாமா?

வாகரை டீச்சர்:
வகுப்பில் 28 பிள்ளைகள். பாடப்புத்தகம் தவிர வாசிக்க ஒன்றுமில்லை. ஸ்டோரிவீவர் என்ற இலவச இணையதளத்தில் உள்ள கதைகளை அச்சடித்துக் கொடுக்கலாமா? இந்தியத் தமிழ்ச் சொற்களை மாற்றலாமா?

கல்லடி வாசகர்:
இரண்டும் செய்யலாம் டீச்சர். பெரும்பாலானவை சிசி பிஒய் 4.0 உரிமம், அதாவது ஆக்கியவர் பெயரைச் சொன்னால் யாரும் அச்சடிக்கலாம், மாற்றலாம். எழுதியவர், படம் வரைந்தவர், உரிமம், நீங்கள் மாற்றியது எல்லாம் கடைசிப் பக்கத்தில் இருக்கவேணும். தாள் மிச்சம் பிடிக்க அந்தப் பக்கத்தைத்தான் முதலில் வெட்டுவாங்க, அது பிழை. அங்கே ஆக எளிதான கதைகள் உள்ள நிலை 1இல் தொடங்குங்க. தர்ப்பூசணியை வத்தகப்பழம் ஆக்கலாம். பாட்டுக் கதையில் கை வைக்காதீங்க, எதுகை கெட்டுப்போகும்.

கல்முனை அச்சு:
ஏ4 தாளை நடுவில் மடித்தால் 4 பக்கம். 16 பக்கக் கதைக்கு 4 தாள். இருபக்கமும் அடிக்கும்போது குறுகிய விளிம்பில் புரட்டக் கொடுங்க. நீள விளிம்பென்றால் மறுபக்கம் தலைகீழாக விழும். மாற்றிய வரியைப் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடிக்கவேணாம், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கிலக் குப்பையாகத்தான் தெரியும். இரவுக் காட்சிப் படமுள்ள கதை கறுப்பு வெள்ளைக் கொப்பிக்குச் சரிவராது, எழுத்தே மறைஞ்சிடும்.

அக்கரைப்பற்று சேர்:
ஒரு புத்தகத்துக்கு 2 பேர், கூடினால் வேணாம். 4 பேர் சுற்றி இருந்தால் எதிரே இருப்பவருக்கு எழுத்து தலைகீழ். ‘கொக்கு’ என்பதில் கொம்பு முன்னுக்கும் கால் பின்னுக்கும் நிற்பதால் பிள்ளை ‘கெ... கா’ என்று பிரித்து வாசிக்கும். மட்டையில் சின்ன யன்னல் வெட்டி, ‘கொ’ முழுசாகத் தெரியவைத்து ஒரே ஒலியாகச் சொல்லவிடுங்க.

வாகரை டீச்சர்:
அப்ப 14 பிரதி, 56 தாள். கட்டுப்படியாகும் சேர்.