பார்த்தே ஆகணும்னு எழுதி வச்ச பறவைகள்: எதுல ஆரம்பிக்கிறது?

பொன்மலை மைனா:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஊர் திருச்சி. போன வருஷம் பைனாகுலர் வாங்கினேன். காவிரிக் கரையிலயும் வயக்காட்டுலயும் பார்க்கிறதை எல்லாம் ஈபேர்டுல (பறவைப் பதிவு போடுற இணையதளம்) ஒழுங்கா ஏத்திட்டு வர்றேன்.

நோட்டோட கடைசிப் பக்கத்துல, வாழ்நாள்ல பார்த்துடணும்னு ஆசைப்படுற பறவைகளை எழுதி வைக்கிறேன். புதுசா ஒரு போட்டோ கண்ணுல பட்டா இன்னொரு வரி கூடுது. இப்போதைக்கு இருக்கிறது: தீக்காக்கை (மலபார் ட்ரோகன்), தவளைவாயன், தோட்டக்கள்ளன், பெரிய இருவாச்சி, வரித்தலை வாத்து, கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான், நீலகிரிச் சிரிப்பான், கானமயில், சைபீரியக் கொக்கு, ஜெர்டான் கோர்சர் (ராத்திரியில தரையில ஓடித் திரியிற பறவை), ஃபாரஸ்ட் அவ்லெட் (சின்ன ஆந்தை).

ஷிஃப்ட் வேலை. லீவ் சேர்த்து வச்சு வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவைதான் வெளியூர் போக முடியும். கார் கிடையாது, பஸ்ஸும் ரயிலும்தான். இதுல எதை முன்னால வைக்கிறது? உள்ளதைச் சொன்னா தீக்காக்கை மேலதான் உயிர். பறவை பார்க்க வந்ததே அதோட போட்டோவைப் பார்த்துத்தான்.

ஆழியாறு செம்போத்து:

தம்பி, முதல்ல சைபீரியக் கொக்கைத் தனியா எடுத்து வைங்க. ராஜஸ்தான்ல இருக்கிற பரத்பூருக்கு வந்துட்டிருந்த கடைசி ஜோடி 2002-க்கு அப்புறம் வரவே இல்லை. பழைய புத்தகங்கள்ல படம் இருக்கிறதால நிறையப் பேர் பட்டியல்ல அது இன்னும் இருக்கு. இப்ப உலகத்துல மிச்சம் இருக்கிற கொக்கு அநேகமா எல்லாமே குளிர்காலத்துக்குச் சீனாவோட போயாங் ஏரிக்குத்தான் போகுது. ஆசையை விடச் சொல்லலை, ஆனா அது வேற பயணம்.

மத்ததை அழகு, அபூர்வம்னு வரிசைப்படுத்தாதீங்க. ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல மூணு விஷயம் எழுதுங்க: எந்த மாதிரி இடம், எந்த மாசம், எப்படிக் கத்தும். இதை எழுதி முடிச்சாலே பட்டியல் தன்னால வரிசையாயிடும்.

தோட்டக்கள்ளனையே எடுத்துக்கங்க. அதுக்காக நீங்க எங்கேயும் போக வேண்டியதில்லை. மத்திய இந்தியாவுலயும் இமயமலை அடிவாரத்துலயும் முட்டையிட்டுட்டு, குளிர்காலத்துக்கு நம்ம பக்கமும் இலங்கைக்கும் வருது. அக்டோபர்ல ராத்திரி பறந்து களைச்சு வந்து வீட்டுத் தாழ்வாரத்துல, கல்லூரி வராந்தாவுல உட்கார்ந்திருக்கும். புதர் அடர்ந்து, அடியில சருகைப் பெருக்காம விட்டிருக்கிற பழைய தோட்டம் உங்க ஊர்லயே இருக்கும். விடியறப்பவும் இருட்டப் போறப்பவும் ரெண்டு சுரமா ஒரு விசில் அடிக்கும். ஆறுமணிக்குருவின்னு சொல்றது சும்மா இல்லை. குரல் கேட்ட இடத்துல மறுநாள் முன்கூட்டியே போய் உட்காருங்க. சருகைப் புரட்டிப் புரட்டித் தத்தி வரும், குட்டை வாலுக்கு அடியில அந்தச் சிவப்பு தெரியும். வர்ற அக்டோபரே முடிச்சிடலாம்.

இப்ப உங்க தீக்காக்கை. படத்துல பார்க்கிற ரத்தச் சிவப்பு வயிறு காட்டுல முதல்ல தெரியாது தம்பி. அது முதுகை நம்ம பக்கம் காட்டித்தான் உட்காரும். முதுகு மர நிறத்துல பழுப்பா இருக்கும். ஆள் வந்துட்டான்னு தெரிஞ்சா நிறத்தைத் திருப்பி வச்சுட்டு, நிமிர்ந்த வாக்குல அசையாம இருக்கும். தலையை மட்டும் மெல்லத் திருப்பிப் பார்க்கும். அதனால சிவப்பைத் தேடாதீங்க. நடு மட்டக் கிளையில, நிழலுக்குள்ள, நீள வாலை நேர் கீழே தொங்க விட்டுட்டு ஒண்ணு உட்கார்ந்திருக்கான்னு பாருங்க, வால் நுனி சதுரமா வெட்டின மாதிரி இருக்கும். காட்டுல பல ஜாதிக் குருவிங்க கூட்டமா இரை தேடிப் போறப்ப இதுவும் கூடவே போகும், அந்தக் கூட்டம் கடக்கிற வரைக்கும் நகராதீங்க. குரல் "க்யூ, க்யூ, க்யூ"ன்னு குழைவா வரும். வீட்டுலயே பதிவைக் கேட்டுக் காதுல ஏத்திட்டுப் போங்க. பெண்ணுக்கு வயிறு சிவப்பில்லை, ஆரஞ்சு கலந்த பழுப்பு. அதைப் பார்த்துட்டு ஏமாந்துட்டோம்னு நினைக்காதீங்க. அதுவும் தீக்காக்கைதான்.

இடம் தட்டேக்காடு. எங்க ஆனைமலையிலயும் உண்டு, ஆனா வண்டி இல்லாதவங்களுக்குத் தட்டேக்காடு சுலபம். உங்க ஊர்லேர்ந்து எர்ணாகுளத்துக்கு இரவு ரயில் இருக்கு. ஆலுவாவுல இறங்கினா கோதமங்கலம் வழியா பஸ்ஸுலயே போயிடலாம். சாலிம் அலி பாராட்டின காடு அது, 1983-ல சரணாலயம் ஆச்சு. டிசம்பர்லேர்ந்து மார்ச்சுக்குள்ள போங்க. அங்கேயே பொறந்து வளர்ந்த வழிகாட்டியை வச்சுக்கங்க. தவளைவாயன் பகல்ல எந்தக் கொடியில தூங்குதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும். ஆணும் பெண்ணும் ஒட்டி உட்கார்ந்திருக்கும். ஆண் சாம்பல், பெண் செம்பழுப்பு. கை காட்டின பிறகும் காய்ஞ்ச இலைன்னுதான் தோணும். முட்டை ஒண்ணே ஒண்ணு, பகல்ல அடைகாக்கிறது ஆண். ஒரே பயணத்துல ரெண்டு பேர் முடிஞ்சுதா?

ஃபாரஸ்ட் அவ்லெட் பத்தி ஒரு சேதி. 1884-க்கு அப்புறம் அதை யாரும் பார்க்கலை. 1914-ல குஜராத்துல சுட்டதுன்னு மைனர்ட்ஸாகன்னு ஒரு பிரிட்டிஷ் பறவை ஆய்வாளர் ஒரு பாடம் பண்ணின பறவையைக் காட்டியிருந்தார். அது பழைய பறவையைத் திருடி, இடம், தேதி எழுதின சீட்டை மாத்தி ஒட்டினதுன்னு பமேலா ராஸ்முஸன்னு ஒரு அமெரிக்கப் பறவை ஆய்வாளர் கண்டுபிடிச்சாங்க. அந்தப் பொய்யான இடத்தை ஒதுக்கிட்டு, உண்மையா எடுத்த பழைய பறவைகளோட சீட்டுகள்ல இருந்த இடங்களைத் தேடிப் போய், 1997 நவம்பர்ல மகாராஷ்டிராவுல ஷஹாதா பக்கம் நேர்ல பார்த்தாங்க. 113 வருஷம் கழிச்சு! பேருக்குப் பக்கத்துல இடத்தைச் சரியா எழுதுங்கன்னு நான் பிடிவாதமா சொல்றதுக்குக் காரணம் இதுதான்.

ஜெர்டான் கோர்சரும் அப்படித்தான். அழிஞ்சுபோச்சுன்னே நினைச்சது, 1986-ல கடப்பா பக்கம் லங்கமலையில திரும்பக் கிடைச்சது. ஆனா இதை மட்டும் தேடிப் போகாதீங்க. மிச்சம் இருக்கிற முள்ளுக்காடே கொஞ்சம், ராத்திரி டார்ச்சோட ஆள் நடமாடினா அதுக்குத் தாங்காது. ஈபேர்டுலயே இந்த மாதிரிப் பறவைங்க இடத்தை மறைச்சுத்தான் வச்சிருப்பாங்க.

கோத்தகிரி சோலைக்கிளி:

அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். தம்பி, மலைப் பறவைகளுக்குப் பாலக்காட்டுக் கணவாயைக் கோடா வச்சுப் பட்டியலை ரெண்டாப் பிரிச்சுக்கோ. நீலகிரிச் சிரிப்பான் கணவாய்க்கு வடக்கே, எங்க மலையில. கொடைக்கானல் போனா அங்கே இருக்கிறது பழனிச் சிரிப்பான். நீலமும் செம்பழுப்புமா இருக்கிற சோலைக்கிளிங்கிற சின்னக் குருவியும் அப்படித்தான், வடக்கே ஒண்ணு, தெற்கே வயிறு வெளுத்த இன்னொண்ணு. முன்னே இதுங்களை வேற பேரினங்கள்ல (நெருங்கின இனங்களைச் சேர்த்து வைக்கிற தொகுதி) சேர்த்து வச்சிருந்தாங்க. 2017-லதான் மரபணு பார்த்து, சோலைக்கிளிக்கும் சிரிப்பானுக்கும் தனித்தனிப் பேரினமே குடுத்தாங்க. நீ நாலு பேர் எழுத வேண்டிய இடத்துல ஒண்ணுதான் எழுதியிருக்கே.

கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பானுக்கு எங்க லாங்வுட் சோலைக்கு வா. வனத்துறை அனுமதி வாங்கிட்டு உள்ளே போகணும். சோலை ஓரத்துப் புதர்ல, முழங்கால் உயரத்துக்கே வந்து உட்காரும். அது பயப்படறதில்லை, நாம அவசரப்படாம இருந்தாப் போதும்.

போன்ல குரலைப் போட்டுக் கூப்பிடற பழக்கம் மட்டும் உனக்கு வரக் கூடாது. தன் எல்லைக்குள்ள இன்னொண்ணு புகுந்துடுச்சுன்னு நினைச்சு, இரை தேடறதை விட்டுட்டு ஓடி வருது. ஒரே சோலையில வாரக் கடைசி ஆனா பத்துப் பேர் போட்டா அது என்ன பண்ணும்? எனக்கு இதுல ரொம்ப வருத்தம் உண்டு.

பட்டியல் போட்டா ரசனை போயிடும்னு சிலர் சொல்வாங்க, கேட்காதே. ஃபீபி ஸ்னெட்சிங்கர்னு அமெரிக்காவுல ஒரு அம்மா. 1981-ல தோல் புற்றுநோய், ஒரு வருஷம்கூடத் தாங்காதுன்னு டாக்டருங்க சொன்னப்ப பைனாகுலரை எடுத்துக்கிட்டு அலாஸ்காவுக்குக் கிளம்பினாங்க. 1999-ல மடகாஸ்கர்ல சாலை விபத்துல இறக்கற வரைக்கும் 8,000-க்கு மேல பார்த்தாங்க. உலகத்துல அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் ஆள் அவங்கதான். ஒவ்வொண்ணுக்கும் குறிப்பு எழுதி, போறதுக்கு முன்னாடியே படிச்சுட்டுப் போவாங்க.

மன்னார்க் கரை:

தம்பி, உங்கட பட்டியல்ல கடற்கரைப் பறவை ஒண்டும் இல்லையே? நண்டு தின்னுற கிராப் ப்ளோவரைச் சேருங்கோ. கறுப்பும் வெள்ளையுமா, தடிச்ச கறுப்புச் சொண்டோட நிக்கும். எங்கட மன்னார்ப் பக்கத்து மணல் திட்டுகளிலயும் உங்கட தனுஷ்கோடிப் பக்கமும் காணலாம். மணலுக்குள்ள வளை தோண்டி ஒரேயொரு வெள்ளை முட்டை இடும். கரைப் பறவைகளில வேற எதுவும் இப்பிடிச் செய்யாது. ராமேஸ்வரத்துக்கு உங்களுக்கு ரயிலும் இருக்குத்தானே.

பொன்மலை மைனா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அண்ணா சொன்ன மாதிரி நோட்டுல கோடு போட்டு இடம், மாசம், குரல்னு எழுதிட்டேன். அக்டோபர்ல தோட்டக்கள்ளன், ஜனவரியில தட்டேக்காடு. கிராப் ப்ளோவரும் சேர்ந்தாச்சு. அக்கா, சிரிப்பான் ரெண்டு, சோலைக்கிளி ரெண்டுன்னு மாத்திட்டேன். வரித்தலை வாத்துக்குக் கூந்தன்குளம்தான் போகணுமா?

ஆழியாறு செம்போத்து:

வேண்டாம் தம்பி, உங்களுக்குக் கரைவெட்டி பக்கம். அரியலூர் மாவட்டம், 2024-ல ராம்சர் பட்டியல்ல (உலக முக்கியத்துவம் உள்ள நீர்நிலைகளோட பட்டியல்) சேர்ந்த ஏரி. புள்ளம்பாடி வாய்க்கால்ல தண்ணி வந்து ஏரி நிறைஞ்ச வருஷமான்னு ஊர்க்காரங்ககிட்ட முன்னாடியே விசாரிச்சுக்கங்க. டிசம்பர் கடைசியிலேர்ந்து பிப்ரவரிக்குள்ள போங்க. ராத்திரி வயல்ல மேய்ஞ்சுட்டுப் பகல்ல ஏரிக்குத் திரும்பி ஓய்வெடுக்கும், அதனால விடியறப்பவே கரையில இருக்கணும். கிழக்குக் கரையில நின்னீங்கன்னா வெயில் முதுகுப் பக்கம் இருக்கும், தலையில அந்த ரெண்டு கருப்புப் பட்டை தெளிவாத் தெரியும்.