புதுப்பிப்பு: தங்கை குழந்தையின் கெட்டி ரத்தம்

முந்தாநாள் எழுதியிருந்தேனே, தங்கைக்குப் பிறந்த பையன் செக்கச்செவேலென்று இருக்கிறான், பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருக்கிறான், குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தில் ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற அளவு) 72 என்று. அப்புறம் கை நரம்பில் எடுத்துப் பார்த்தார்கள், 68தான். குதிகால் ரத்தம் பெரும்பாலும் கூடுதலாகவே காட்டுமாம், அதனால் நரம்பில் எடுத்த அளவைத்தான் நம்ப வேண்டும். அது 65ஐத் தாண்டினால் கெட்டி ரத்தம். சர்க்கரையும் இறங்கியிருந்ததால் குளுக்கோஸ் ஏற்றினார்கள். தங்கைக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தது, அதனால்கூட இப்படி வருமாம். கொஞ்சம் ரத்தத்தை எடுத்துவிட்டு அதே அளவு சலைன் ஏற்றும் சிகிச்சைக்கும் தயாராகத்தான் இருந்தார்கள், நல்லவேளை தேவைப்படவில்லை. இன்று காலை 61. நன்றாக இழுத்துக் குடிக்கிறான்! மஞ்சள் காமாலை வரலாம் என்பதால் ரத்தத்தில் பிலிருபின் (காமாலைக்குக் காரணமான மஞ்சள் நிறப்பொருள்) அளவை மட்டும் தினமும் பார்க்கிறார்கள்.