பழைய 407: பிரேக் போட்டால் இடப்பக்கம் இழுக்கிறது, எதிலிருந்து கழற்றுவது?

நெல்மூட்டை:
வணக்கம். 1999 மாடல் டாடா 407 லாரி. முன்னாலும் ட்ரம் பிரேக், வாக்கம் பூஸ்டர் (மிதிக்கும் விசையை வெற்றிடத்தால் கூட்டுவது), கிங் பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சாணி) ஆக்சில், பட்டை ஸ்பிரிங். பிரேக் மிதித்தால் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது, லோடு இருந்தால் இன்னும் அதிகம். 50 கி.மீ. வேகம் தாண்டி ஒரு குழியில் விழுந்தால் ஸ்டியரிங் ஆடத் தொடங்கி, வேகத்தைக் குறைத்தால்தான் நிற்கிறது. இடது முன் டயர் உள்ஓரம் தேய்கிறது. பிரேக் ஆயில் மெதுவாகக் குறைகிறது, வாரம் ஒருமுறை ஊற்ற வேண்டியிருக்கிறது.

ஜாக்கி, ஸ்டாண்டு, கிரீஸ் கன், டார்க் ரெஞ்சு இருக்கு. பிரஸ், லேத் இல்லை. லைனிங் (ட்ரம்மில் உரசும் தகடு) மட்டும் மாற்றினால் போதுமா, கிங் பின் செட்டும் வாங்கணுமா?

ஜாக்கிக்கட்டை:
இப்போதைக்கு எதையும் வாங்காதீங்க சார்.

இடப்பக்கம் இழுக்குதுன்னா இடது பிரேக் பிடிக்குது, வலது பிடிக்கலை. இழுக்கிற பக்கத்தையே கழட்டிப் பார்த்துட்டு, எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு திரும்ப மாட்டிடுறதுதான் வழக்கமா நடக்குற தப்பு. ஆயிலும் குறையுறதால வலது முன் ட்ரம்மை முதல்ல கழட்டுங்க. ட்ரம் வராம முரண்டு பிடிச்சா அட்ஜஸ்டரைத் தளர்த்திட்டு இழுங்க. வீல் சிலிண்டரோட (ஆயில் அழுத்தத்துல ஷூவை, அதாவது லைனிங் ஒட்டின வளைவைத் தள்ளுறது) ரப்பர் மூடியை ஸ்க்ரூ டிரைவரால லேசா தூக்குங்க. உள்ளே ஈரம்னா சிலிண்டர் போச்சு. ஈரம் இல்லாம ஷூ மேல கறுப்புப் பசை இருந்தா அது ஹப் ஆயில் சீல் தாண்டி வந்த கிரீஸ். அப்போ சிலிண்டரை மாத்தி ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஒண்ணு கவனிங்க, லைனிங்ல கொஞ்சமா பட்ட ஆயில் சில நேரம் வழுக்காம கவ்வும். அதனால இடதையும் பார்க்காம விடாதீங்க.

அடுத்து ஆட்டம். பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஆக்சில் பீமைத் தூக்கி ஸ்டாண்டுல இறக்குங்க. சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க. ஆட்டம் தெரிஞ்சா, இன்னொருத்தரை பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்க. நின்னுட்டா ஹப் பேரிங். நிக்கலைன்னா கிங் பின். பிரேக் பிடிச்சதும் ட்ரம், பேக் பிளேட் (ஷூ நிக்கிற தகடு), ஸ்டப் ஆக்சில் (ஹப் மாட்டுற, கிங் பின்ல திரும்புற துண்டு) எல்லாம் ஒரே கட்டையா ஆயிடும், பேரிங் ஆட்டம் மறைஞ்சுடும். மிஞ்சுறது கிங் பின் ஆட்டம்தான். இடது வலதா பிடிச்சு ஆட்டும்போது மட்டும் தெரிஞ்சா இரண்டு சக்கரத்தையும் இணைக்கிற கம்பியோட முனையான டை ராட் எண்டைப் பாருங்க.

உள்ஓரத் தேய்மானத்தைப் பார்த்தா கிங் பின் மேலதான் சந்தேகம். கிங் பின்னைச் சுத்தி இருக்கிற புஷ் தேஞ்ச வண்டியில லோடு ஏறினதும் சக்கரத்தோட தலை உள்ளே சாயும்.

நெல்மூட்டை:
பார்த்தாச்சு. வலது சிலிண்டர் ரப்பருக்குள் ஆயில் நிற்கிறது, லைனிங் முழுக்க நனைஞ்சிருக்கு. பிரேக் அழுத்தியும் ஆட்டம் நிற்கவில்லை, இரண்டு பக்கமும் அப்படித்தான். இன்னொன்று: ஓட்டி முடித்ததும் இடது ட்ரம் தொட முடியாத சூடு, வலது வெதுவெதுப்புதான். தூக்கிச் சுற்றினால் இடது சக்கரம் இறுக்கமாக இருக்கு, கொஞ்ச நேரம் கழித்துத்தான் விடுது.

லேத்மேசை:
அந்த இடது சக்கரத்தை விட்டுவிடாதீர்கள், இழுப்பில் அதற்கும் பங்கு இருக்கிறது. இறுக்கமாக இருக்கும்போதே ஆயிலையும் காற்றையும் வெளியேற்றும் பிளீடர் நிப்பிளைத் திறங்கள். உடனே சக்கரம் விட்டால் உள்ளே ஆயில் அழுத்தம் மாட்டிக்கொண்டிருக்கிறது. விடவில்லை என்றால் ரிட்டர்ன் ஸ்பிரிங், அட்ஜஸ்டர், துருப்பிடித்த ஷூ இருக்கை என்று தேடுங்கள்.

அழுத்தம்தான் என்றால் மறுபடி பிரேக் பிடித்து விட்டு, இந்த முறை ரப்பர் ஹோஸுக்கு முன்னால் இரும்புப் பைப் சேரும் நட்டைத் தளர்த்துங்கள். அங்கேயே சக்கரம் விட்டால் கோளாறு மாஸ்டர் சிலிண்டர் பக்கம். அங்கே விடாமல் நிப்பிளில் மட்டும் விட்டால் ஹோஸ் உள்ளே உப்பிவிட்டது: மிதிக்கும் அழுத்தம் போகும், திரும்பி வராது. வெளியே பார்க்க ஹோஸ் புதிது போலவே இருக்கும். மாற்றினால் இடது வலது இரண்டையும் மாற்றுங்கள்.

கிங் பின் செட்டாகத்தான் வாங்க வேண்டும்: 2 பின், 4 புஷ், 2 திரஸ்ட் பேரிங் (எடை தாங்குவது), பூட்டு ஆணிகள் (பின்னை பீமில் பிடித்து வைப்பவை), ஷிம் (இடைவெளி நிரப்பும் மெல்லிய தகடு), மூடிகள். பூட்டு ஆணி ஒரு பக்கம் சரிவாக இருக்கும். நட்டை விளிம்பு வரை தளர்த்தி, மரை உள்ள பக்கத்திலிருந்து தட்டுங்கள். மறுபக்கம் அடித்தால் இன்னும் இறுகும். அது வராமல் பின்னை அடிக்காதீர்கள், பீம் கண் (பின் நுழையும் துளை) கெட்டுவிடும்.

புஷ் வேலைக்கு ஸ்டப் ஆக்சிலை மட்டும் லேத்துக்குக் கொண்டு போங்கள். உள்ளே இறங்கியதும் புஷ் சுருங்கும், ரீமர் (துளையை அளவுக்கு அறுக்கும் கருவி) போட்டே ஆக வேண்டும். மேல் கீழ் இரண்டையும் ஒரே நீள ரீமரால் ஒரே கோட்டில் அறுக்கச் சொல்லுங்கள். தனித்தனியாகப் போட்டால் பின் கோணலாக நின்று ஸ்டியரிங் கனத்துவிடும். புஷ் துளை கிரீஸ் நிப்பிள் துளைக்கு நேராக இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். நேராக இல்லாத புஷ்ஷுக்கு எவ்வளவு கிரீஸ் அடித்தாலும் ஒரு பொட்டும் உள்ளே போகாது.

திரஸ்ட் பேரிங் பீம் கண்ணுக்குக் கீழே, ஷிம் மேலே. மேல் இடைவெளி ஒரு தாள் கனம் இருந்தால் சரி. கிரீஸ் அடிக்கும்போது சக்கரத்தைத் தூக்கிவிட்டு அடியுங்கள். எடை திரஸ்ட் பேரிங்கை அழுத்திக்கொண்டிருந்தால் கிரீஸ் அதற்குள் நுழையாது.

உப்புத்தாள்:
சிலிண்டர் எதுக்கு முழுசா? உள்ளே உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, புது ரப்பர் கிட் போட்டா ஓடும்.

ஜாக்கிக்கட்டை:
ஓடும், சில மாசம். பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும், அதுதான் சிலிண்டருக்குள்ள குழிக்குழியா அரிக்குது. நகத்துல தட்டுப்படுற குழி இருந்தா புது ரப்பரும் அதுமேல உரசிக் கிழியும். புதுசே போடுங்க, இரண்டு பக்கமும். சக்கரத்துக்கு இரண்டு சிலிண்டர்னா நாலு வேணும்.

நனைஞ்ச லைனிங்கைப் பெட்ரோல்ல கழுவி, நெருப்புல காட்டித் திரும்பப் போடாதீங்க. உள்ளே ஊறினது சூட்டுல மறுபடி வெளியே வரும். ஒரு ஆக்சிலுக்கு இரண்டு பக்கமும் ஒரே கம்பெனி லைனிங். ட்ரம்ல கோடு விழுந்திருந்தா இரண்டையும் சேர்த்து, ஒரே அளவுக்குக் கடையக் கொடுங்க. அதிகபட்ச விட்டம் ட்ரம்லயே பொறிச்சிருந்தா அதைத் தாண்டக் கூடாது. தூசியை ஏர் அடிச்சு ஊதாதீங்க. பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத் துணியால துடைங்க.

ரப்பர் பாகத்தைப் புது பிரேக் ஆயில்ல மட்டும் கழுவுங்க. டீசல், மண்ணெண்ணெய் பட்டா உப்பும். எந்த ஆயில்னு ரிசர்வாயர் மூடியைப் பாருங்க. டாட் 3 வகை ஆயில் புதுசா இருக்கும்போது 205 டிகிரி வரைக்கும் கொதிக்காது, ஈரம் ஏறினா 140 தான். மலை இறக்கத்துல திடீர்னு பெடல் பஞ்சு மாதிரி போறது அதனாலதான்.

ஹப் மாட்டும்போது ட்ரம்மைச் சுத்திக்கிட்டே நட்டை இறுக்கி, இறுக்கம் தெரிஞ்சதும் ஆணித் துளை நேர்படுற வரைக்கும் சுமார் ஆறில் ஒரு சுற்று திருப்பி விடுங்க. ஸ்பிளிட் பின் புதுசு போடுங்க. கிரீஸை பேரிங் ரோலருக்குள்ள திணிக்கணும், ஹப் குழி முழுக்க ரொப்பக் கூடாது. சூடானதும் சீலைத் தாண்டி லைனிங்குக்குத்தான் வரும்.

பிரேக் லைன்ல இருந்து ஏர் எடுக்கிறதுக்கு முன்னாடி என்ஜினை நிறுத்தி, பெடலை நாலஞ்சு தடவை மிதிச்சு வாக்கத்தைக் காலி பண்ணுங்க. மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்துல ஆரம்பிங்க. டியூப் முனை பாட்டில் ஆயில்ல மூழ்கி இருக்கணும், நிப்பிளை மூடின பிறகுதான் பெடலை விடணும். ரிசர்வாயரைப் பாதிக்குக் கீழே போக விடாதீங்க, காலியாகி காத்து உள்ளே போனா மறுபடி முதல்ல இருந்துதான்.

லேத்மேசை:
விட்டுப்போனது பட்டை ஸ்பிரிங். இரண்டு பக்கமும் முன் ஹப் நடுவிலிருந்து பின் ஹப் நடு வரை அளந்து பாருங்கள், ஸ்டியரிங் நேராக இருக்கட்டும். வித்தியாசம் கண்ணில் படும் அளவு இருந்தால் பட்டைகளைக் கோத்து நிற்கும் சென்டர் போல்ட் முறிந்து ஆக்சில் நகர்ந்திருக்கும். பிரேக்கை எவ்வளவு சரிசெய்தாலும் வண்டி நேராக ஓடாது. பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஆப்புத் தகடு இருந்தால் கழற்றும் முன் எந்தப் பக்கம் தடிப்பு என்று சுண்ணாம்பில் குறித்து வையுங்கள். திருப்பிப் போட்டால் காஸ்டர் (கிங் பின் முன்பின்னாகச் சாயும் கோணம்) மாறி, நீங்கள் சொன்ன அதே ஆட்டம் புது கிங் பின்னோடும் வரும்.

பட்டையை ஆக்சிலோடு பிடிக்கும் யூ போல்ட் கழற்றினால் புதிது போடுங்கள். லோடு ஏற்றி 500 கி.மீ. ஓடியதும் மறுபடி டார்க் ரெஞ்சு வைக்க வேண்டும். வீல் நட்டுக்கு 50 கி.மீ. போதும். டோ அளவு (முன் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ நிற்கும் அளவு), எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக. ஆட்டத்தோடு அளந்தால் ஒவ்வொரு முறையும் ஒரு கணக்கு வரும்.