ஆண்டுக்கு 8,000 கி.மீ. ஓட்டத்துக்கு டீசலா, பெட்ரோலா, ஹைபிரிடா?

கேள்வி:
என்னுடைய பழைய பெட்ரோல் கார் ஊருக்குள் லிட்டருக்கு 10 கி.மீ. தாண்டுவதில்லை. மாற்றலாம் என்று பார்க்கிறேன். ஆண்டுக்கு 8,000 கி.மீ. ஓடும், பெரும்பாலும் நெரிசலில் சின்னச் சின்ன ஓட்டம்தான். ஷோரூமில் பெட்ரோல் மாடல் 20, அதே காரின் டீசல் மாடல் 25 கொடுக்கும் என்கிறார்கள். டீசல்தான் செலவும் குறைவு, கரியமில வாயுவும் குறைவு என்று விற்பனையாளர் அடித்துச் சொல்கிறார். எடுக்கலாமா? வண்டி நிறுத்துமிடத்தில் சார்ஜ் செய்ய வழியில்லை, அதனால் மின்சாரக் கார் வேண்டாம்.

பதில் 1:
மைலேஜை விடுங்கள், ஆண்டுக்கு எத்தனை லிட்டர் என்று பாருங்கள். 20 கொடுத்தால் 400 லிட்டர், 25 கொடுத்தால் 320. வித்தியாசம் 80 லிட்டர். டீசல் மாடலுக்குக் கூடுதலாகக் கேட்கும் விலையை, 400 லிட்டர் பெட்ரோல் விலைக்கும் 320 லிட்டர் டீசல் விலைக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்துப் பாருங்கள். போட்ட காசு எத்தனை ஆண்டில் திரும்பும் என்று தெரிந்துவிடும். உங்கள் ஓட்டத்துக்கு அது லேசில் திரும்பாது.

கரியமில வாயுவிலும் அவர் சொல்வது பாதிதான் உண்மை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ வரும், டீசலில் சுமார் 2.7 கிலோ. கணக்குப் போட்டால் பெட்ரோல் மாடல் ஆண்டுக்கு 920 கிலோ, டீசல் 864. இந்த 56 கிலோவுக்காகவா இவ்வளவு பேச்சு?

பதில் 2:
அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருக்கிறது. இப்போதைய டீசல் கார்களின் புகைப்பாதையில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கும், டிபிஎஃப் என்பார்கள். சேர்ந்த கரி எரிந்து தீரப் புகை நன்றாகச் சூடாக வேண்டும். அதற்குக் கொஞ்ச நேரமாவது விடாமல் ஓட்ட வேண்டும். இரண்டு கி.மீ. போய் எஞ்சினை அணைப்பவருக்கு அது நடக்காது. கரி அடைத்து, எச்சரிக்கை விளக்கு எரியும். மாற்ற வேண்டி வந்தால் சேமித்ததெல்லாம் போய்விடும். நெடுஞ்சாலையிலேயே கிடப்பவர் டீசல் எடுக்கட்டும், நீங்கள் வேண்டாம்.

கேட்டவர்:
சரி, டீசல் கதை முடிந்தது. பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் இருக்கும் ஹைபிரிட்? விலைதான் உதைக்கிறது.

பதில் 3:
நெரிசல்தான் ஹைபிரிடுக்கு ஏற்ற இடம். பிரேக் அடிக்கும்போது வீணாகும் சக்தியில் ஒரு பகுதியை பேட்டரியில் சேர்த்துவைத்து, வண்டி நகர அதையே கொடுக்கும். சிக்னலில் எஞ்சின் நின்றுவிடும். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போனால் இந்த லாபம் சுருங்கிவிடும். ஒரு எச்சரிக்கை: 'மைல்ட் ஹைபிரிட்' என்று எழுதியிருந்தால் அது வேறு. அதில் சின்ன மோட்டார் எஞ்சினுக்குக் கொஞ்சம் கை கொடுக்கும், அவ்வளவுதான். மோட்டாரை மட்டும் வைத்து வண்டி ஓடுமா என்று கேளுங்கள்.

பதில் 1:
விளம்பரக் கணக்கில் ஹைபிரிட் 25 கொடுத்தாலும், 20 கொடுக்கும் சாதாரண பெட்ரோலைவிட மிச்சம் அதே 80 லிட்டர்தான். உங்களுக்குப் பெரிய லாபம் பழைய வண்டியை விடுவதில் இருக்கிறது: 800 லிட்டர் 400 ஆகிறது. ஆனால் விளம்பரத்தில் வரும் 20 சோதனைக்கூடத்து எண். நெரிசலில், ஏசி போட்டு ஓட்டினால் 14 என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். அப்போதும் 230 லிட்டர் மிச்சம்.

கேட்டவர்:
அப்படியென்றால் சின்ன பெட்ரோல் கார், அதுவும் எடை குறைந்தது?

பதில் 2:
ஆமாம். எஸ்யுவி ஆசை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். ஒவ்வொரு சிக்னலிலும் அந்த எடையை நிறுத்தி மறுபடி கிளப்ப வேண்டும், எண்ணெய் அதில்தான் போகும்.

பதில் 3:
பழைய கார் நல்ல நிலையில் இருக்கிறதா? புதுக் கார் செய்யவும் இரும்பும் மின்சாரமும் செலவாகும். ஓட்டம் இன்னும் குறையும் என்றால் அதையே வைத்துக்கொள்வதும் தப்பில்லை.

கேட்டவர்:
கியர்பாக்ஸ் தகராறு செய்கிறது, சரிசெய்யக் கேட்கும் தொகை வண்டி விலையில் பாதி. சின்ன பெட்ரோல் மாடலையே ஓட்டிப் பார்க்கிறேன். அதன் நிஜ மைலேஜை எப்படித் தெரிந்துகொள்வது?

பதில் 1:
திரையில் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். அதே மாடல் வைத்திருப்பவர் யாரையாவது டேங்க் நிரப்பி, ஓடவிட்டு, மறுபடி நிரப்பச் சொல்லுங்கள். ஓடிய தூரத்தை இரண்டாவது முறை போட்ட லிட்டரால் வகுத்தால் போதும். உங்களைப் போலவே ஊருக்குள் ஓட்டுபவராக இருக்க வேண்டும்.